எது அவதூறு, எது இல்லை: பேச்சுக்கும் புகாருக்கும் நடுவே இருக்கும் கோடு

"அவதூறு கேஸ் போட்டுடுவேன், ஜாக்கிரதை." கடலூர் முதுநகரில் சீட்டுப் பணத் தகராறிலும் இதைக் கேட்கலாம், புதுச்சேரியில் வாடகை அட்வான்ஸ் சண்டையிலும் கேட்கலாம். சொல்பவருக்கும் சரி, கேட்டுப் பயப்படுபவருக்கும் சரி, அவதூறு என்றால் சட்டத்தில் என்ன என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. தன்னைப் பற்றி யார் எதைத் தப்பாகப் பேசினாலும் அது அவதூறு என்ற நினைப்புதான் ஊரில் பரவியிருக்கிறது.

இதனால் இரண்டு விதமான கெடுதல் நடக்கிறது. நிஜமாகவே பெயர் கெட்டுப்போனவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போக வேண்டிய காலத்தைத் தவறவிடுகிறார். நியாயமான புகார் வைத்திருப்பவரோ, கேஸ் என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். இந்த இரண்டாவது ஆளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சட்டம் அவருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறது என்பதை அவருக்கு யாரும் சொல்வதே இல்லை.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முதுநகர் மீன் மார்க்கெட்டில் ஒரு அக்கா கூறு கட்டி மீன் விற்கிறார். ஒருவர் அவரிடம் வஞ்சிரம் வாங்கிப் போகிறார். வீட்டில் சமைத்தால் ஏதோ மருந்து வாடை. உடனே தெரு வாட்ஸ்அப் குரூப்பில், "பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாசலில் முதல் கடை போடுற அக்கா பழைய மீனுக்கு பார்மலின் தடவி விக்கிறாங்க, யாரும் வாங்காதீங்க" என்று போட்டுவிடுகிறார்.

இது அவதூறா? பதில் சொல்ல மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பேச்சு யாரைப் பற்றியது என்று அடையாளம் தெரிய வேண்டும். பெயரைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. "வாசலில் முதல் கடை" என்றாலே குரூப்பில் இருப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும், அது போதும். அதே இடத்தில் "இப்பல்லாம் மீன்காரங்க எல்லாரும் பார்மலின் போடுறாங்க" என்று எழுதியிருந்தால் எந்த ஒரு தனி ஆளும் அதைத் தன்னைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது. கூட்டம் சின்னதாக, வரையறுக்கக்கூடியதாக இருந்தால் மட்டும்தான் கூட்டத்தைச் சொன்னது அவதூறாகும். இதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே முன்னுதாரணமாக இருக்கிறது. 1971-ல் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதன் தீர்மானம் ஒன்றைப் பத்திரிகைகள் திரித்து வெளியிட்டதாக மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 1972-ல் அதை ஏற்கவில்லை. மாநாடு என்பது இன்னின்னார் என்று வரையறுக்க முடியாத கூட்டம், அதில் வழக்குத் தொடுக்கும் அளவுக்குத் தனிப்பட்ட முறையில் பாதிக்கப்பட்டவர் என்று இவரைச் சொல்ல முடியாது என்றது.

இரண்டாவது, மூன்றாம் ஆள் காதுக்கோ கண்ணுக்கோ அது போயிருக்க வேண்டும். அந்த அக்காவிடமே போய், வேறு யாரும் இல்லாத நேரத்தில், "நீங்க மருந்து போட்டுத்தான் விக்கிறீங்க" என்று சண்டை போட்டால் அது அவதூறு ஆகாது. அவர் மனசு புண்படும், அது வேறு. அவதூறுச் சட்டம் காப்பது மற்றவர்கள் நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத்தான். பாட்னா உயர் நீதிமன்றத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. ஒருவர் இன்னொருவருக்கு உருதுவில் கடுமையான கடிதம் எழுதினார். பெற்றவருக்கு உருது படிக்கத் தெரியாது. வேறொருவரை விட்டுப் படிக்கச் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டார்கள். அவருக்கு உருது தெரியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தால் ஒழிய, எழுதியவர் பொறுப்பில்லை என்பதுதான் தீர்ப்பு. வாட்ஸ்அப் குரூப்பில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. போட்ட நொடியில் மூன்றாம் ஆள் பார்த்தாயிற்று.

மூன்றாவதுதான் மையமான விஷயம். சொன்னது பெயரைக் கெடுக்கும் வகையாக இருக்க வேண்டும், சொன்னவருக்கு அந்த எண்ணம் இருக்க வேண்டும். எண்ணமே இல்லாவிட்டாலும், கெடும் என்று தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தாலோ போதும். பெயர் கெடுவது என்பதற்கும் சட்டம் விளக்கம் தருகிறது. ஒருவருடைய ஒழுக்கத்தையோ அறிவையோ மற்றவர் கண்ணில் தாழ்த்துவது, சாதியையோ தொழிலையோ வைத்துத் தாழ்த்துவது, அவருடைய நாணயத்தைக் குறைப்பது, உடம்பு அருவருக்கத்தக்க நிலையில் இருக்கிறது என்று நம்ப வைப்பது, இவைதான். நம் ஊரில் "அவங்க நாணயமான ஆளு" என்று சொன்னால்தான் கடையில் கடன் கிடைக்கும், சீட்டில் சேர்ப்பார்கள். அந்த நாணயத்தை ஒருவர் பொய் சொல்லி உடைத்தால் கேட்க வழி இருக்கிறது. மீன் விற்கும் அக்காவுக்கு நேர்வது இதுதான், அடிபடுவது அவருடைய தொழில்.

வெறும் திட்டு இதில் சேராது. "மூஞ்சியப் பாரு", "உருப்படுவியா நீ" என்பதெல்லாம் வசை. அதைக் கேட்டவர் யாரும் திட்டு வாங்கியவரைப் பற்றிப் புதிதாக எதையும் நம்பிவிடப் போவதில்லை. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினால் அதற்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தெருச் சண்டை எப்.ஐ.ஆர்.களில் பெரும்பாலும் வருவது அவைதான். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த காலத்தில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவாகவே இருந்தது. காலனிகளுக்கும் பொருந்திய 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம், குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ததாகப் பழி சாட்டுவதையும் வெறுமனே ஏசுவதையும் இரண்டு குற்றங்களாகப் பிரித்து வைத்தது. இன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரே குற்றவியல் சட்டம்தான், உயர் நீதிமன்றமும் சென்னையில் இருக்கும் ஒன்றேதான்.

அந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 356-வது பிரிவு அவதூறு. அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 என்று இருந்தவைதான், வாசகம் கிட்டத்தட்ட அப்படியே. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. சமுதாய சேவை செய்யச் சொல்வது மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஜெயிலா, இது பேச்சுரிமைக்கே விரோதம் இல்லையா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில் 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. நற்பெயர் என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி, ஆகவே அவதூறு குற்றமாகவே தொடரலாம் என்றது நீதிமன்றம். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கே போதும், பேச்சுக்கு ஜெயில் வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

1860-ல் இந்திய தண்டனைச் சட்டத்தை எழுதியவர்கள் சொல் மட்டும்தான் அவதூறு என்று நினைக்கவில்லை. சட்டத்துக்குள்ளேயே உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் கடிகாரம் காணாமல் போகிறது. "இவர் நேர்மையான ஆளு, அந்தக் கடிகாரத்தை இவர் திருடவே இல்லை" என்று ஒருவர் சொல்கிறார், கேட்பவர் அவர்தான் திருடினார் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. அதுவும் அவதூறுதான். யார் திருடியது என்று கேட்டதும் வாய் திறக்காமல் ஒருவரைக் கை காட்டுகிறார், அதுவும் அவதூறு. கடிகாரத்தோடு அவர் ஓடுவது போலப் படம் வரைகிறார், அதுவும்தான். இன்றைக்கு போனில் வரும் மீம் இந்த மூன்றாவது உதாரணத்துக்குள் அப்படியே அடங்கும். எனவே "நான் ஒண்ணும் தப்பா எழுதலையே, படம்தானே போட்டேன்" என்பது பதில் ஆகாது.

நம் தமிழில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. "மருந்து போடுறாங்களாம்" என்று ஒரு ஆம் சேர்த்துவிட்டால் நாம் சொன்னதாகாது, கேட்டதைச் சொன்னதாகத்தான் ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. யாரோ சொன்னதைத் திரும்பச் சொல்பவரும் புதிதாக ஒரு ஆள் காதில் போடுகிறார். ஃபார்வர்டுக்கும் அதே கணக்குதான். அவதூறான பதிவு ஒன்றை ரீட்வீட் செய்வதும் அவதூறில் வரும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் சொன்னது. குரூப் அட்மின்கள் மட்டும் கொஞ்சம் மூச்சு விடலாம். வேறொருவர் போட்ட பதிவுக்கு, தான் எந்தப் பங்கும் வகிக்காமல் அட்மினாக இருந்தார் என்பதற்காக மட்டும் ஒருவர் மேல் வழக்கு நிற்காது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021-ல் கூறியது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே கருத்தைச் சொல்லியிருக்கின்றன.

சரி, வாட்ஸ்அப்பில் எழுதியவர் "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறார். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்கில், சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. கிரிமினல் வழக்கில் உண்மை மட்டும் போதாது, அதை வெளியில் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். மீனில் பார்மலின் இருப்பது உண்மையானால், சொன்னது பொது நன்மைக்குத்தான், அதில் சிக்கல் வராது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பழைய காதலையோ, ஒருவருக்கு இருக்கும் நோயையோ ஊருக்குச் சொல்லிவிட்டு "அது உண்மைதானே" என்றால் கிரிமினல் கோர்ட்டில் அது காப்பாற்றாது. அதில் யாருக்கு என்ன நன்மை என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான்.

356-வது பிரிவு அவதூறு எது என்று சொன்னதோடு நிற்கவில்லை, எது அவதூறு இல்லை என்று பத்து விதிவிலக்குகளையும் வரிசையாகச் சொல்கிறது. அரசு ஊழியர் தன் வேலையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். ஒரு நாடகத்தையோ புத்தகத்தையோ ஹோட்டல் சாப்பாட்டையோ நல்லா இல்லை என்று சொல்லலாம், பொதுவில் வைத்ததற்குப் பொதுவில் விமர்சனம் உண்டு. கோர்ட்டில் நடந்ததை நடந்தபடி எழுதலாம். ஆபத்து இருக்கிறது என்று ஒருவரை நல்லெண்ணத்தோடு எச்சரிக்கலாம். எல்லாவற்றையும் விட நம் மக்களுக்கு உதவுவது எட்டாவது விதிவிலக்கு: ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுப்பது அவதூறு ஆகாது.

அந்த வாடிக்கையாளர் குரூப்பில் போடாமல், அதே மீனோடு உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் போய் "இந்தக் கடையில் இன்ன தேதி வாங்கினேன், இப்படி வாடை வந்தது, சோதித்துப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்திருந்தால், சோதனையில் பார்மலினே இல்லை என்று வந்தாலும்கூட அவர் மேல் அவதூறு நிற்பது கடினம். அவர் போன இடம் சரி, சொன்ன விதம் சரி.

நல்லெண்ணம் என்ற இந்தச் சொல்லைத்தான் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்பது மட்டும் சட்டத்துக்குப் போதாது. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் செய்யாத எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது என்கிறது சட்டம். அதாவது, சொல்வதற்கு முன் விசாரித்தீர்களா, பார்த்தீர்களா, ஆதாரம் வைத்திருந்தீர்களா என்று கேட்கும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்க்காரர்கள் இதை அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காற்றில் வரும் நாற்றம் பற்றியும் நிலத்தடி நீர் பற்றியும் அங்கே பல வருடங்களாகப் புகார்கள் இருக்கின்றன. கம்பெனிக்கும் சட்டத்தின் முன் பெயர் உண்டு, கம்பெனியும் அவதூறு வழக்குப் போடலாம் என்பது உண்மை. அதற்காக ஊர் வாய் மூட வேண்டியதில்லை. "இந்த கம்பெனிதான் எங்க ஊரையே கொல்லுது" என்று போஸ்டர் அடிப்பதற்கும், "இன்ன தேதி ராத்திரி 11 மணியிலிருந்து 2 மணி வரை அழுகிய முட்டை வாடை வந்தது, மூன்று குழந்தைகளுக்கு வாந்தி, காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தது, ஆய்வு செய்யுங்கள்" என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனு கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது மனுவில் கண்டது, கேட்டது, முகர்ந்தது மட்டும்தான் இருக்கிறது. காரணம் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை, அதைச் செய்ய வேண்டியவர் தலையில் வைத்திருக்கிறது. அப்படி ஒரு மனுவின் மேல் அவதூறு வழக்கு ஜெயிப்பது மிகவும் அரிது. மனுவுக்கு ஒப்புகை ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசையோ அதிகாரியையோ விமர்சிப்பவர்களுக்கு இன்னும் அகலமான இடம் உண்டு. நக்கீரன் பத்திரிகை தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், அரசாங்கமும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் பெயர் கெட்டதாக நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லிவிட்டது. பத்திரிகைகள் மேல் தமிழக அரசு தொடுத்திருந்த பல கிரிமினல் அவதூறு வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோதும், ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்க இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தக்கூடாது என்ற கருத்தையே வலியுறுத்தியது.

இனி, நிஜமாகவே பெயர் கெட்டவர் என்ன செய்வது? போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுவதுதான் முதல் தவறு. அவதூறு என்பது போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் இல்லை, ஜாமீனில் விடக்கூடியதும்கூட. "அவதூறுன்னு எழுதிக் கொடுத்து உன்னை நாளைக்கே உள்ளே வெக்கிறேன்" என்று யாராவது மிரட்டினால் அது வெற்று மிரட்டல். பாதிக்கப்பட்டவர் தானே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனியார் புகார் தாக்கல் செய்ய வேண்டும். வேறு யாரோ அவருக்காகக் கோபப்பட்டு வழக்குப் போட முடியாது. நடிகை குஷ்பு ஒரு பேட்டியில் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டின் பல கோர்ட்டுகளில் குவிந்த புகார்களை உச்ச நீதிமன்றம் 2010-ல் ரத்து செய்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. புகார் கொடுத்தவர்கள் யாரும் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் வந்திருக்கிறது. தனியார் புகாரை விசாரணைக்கு எடுக்கும் முன்பே எதிர்த் தரப்புக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும்.

இறந்தவரைப் பற்றிய பேச்சுக்கும் வழக்கு உண்டு. அவர் உயிரோடு இருந்தால் பெயர் கெடும் வகையான பேச்சு, அதோடு குடும்பத்தார் மனசைப் புண்படுத்தும் நோக்கம், இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

சிவில் வழக்குக்குக் காலக்கெடு ஒரே வருடம். இதை யாரும் சொல்வதில்லை, பலர் தோற்பது இங்கேதான். கிரிமினல் புகாருக்கு மூன்று வருடம். எழுத்தில் வந்தால்தான் வழக்கு, வாயால் சொன்னால் வழக்கு இல்லை என்று இங்கிலாந்துச் சட்டத்தை வைத்துச் சிலர் சொல்வார்கள், அது இங்கே பொருந்தாது. ஒரு பெண்ணை, இவள் முறைப்படி தாலி கட்டிய மனைவி இல்லை, பல ஊர்களிலிருந்து துரத்தப்பட்டவள் என்று ஒருவன் வாயால் ஏசிய வழக்கில், பணநஷ்டம் எதையும் நிரூபிக்காமலே அவர் நஷ்ட ஈடு கேட்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1884-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. பெண்களின் நடத்தையைப் பற்றித் திண்ணையில் கதை கட்டுகிறவர்கள் 140 வருடத்துக்கு முன்பே வந்த இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவு வந்த போனைப் பத்திரமாக வைத்திருங்கள், அதை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு சட்டம் கேட்கும் சான்றிதழையும் வக்கீல் மூலம் தாக்கல் செய்ய வேண்டும். வாயால் சொன்னது என்றால், கேட்டவர் ஒருவராவது வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

எதிர்ப்பக்கமிருந்து உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதை வழக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டீஸில் பத்து கோடி, இருபது கோடி என்று எழுதுவதற்குச் செலவு இல்லை. வழக்காகப் போட்டால் தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். ஒரு கோடிக்கே 3 லட்சம். அதனால் பெரிய தொகை எழுதிய நோட்டீஸ்களில் பல வழக்காக மாறுவதே இல்லை. அதற்காகப் பதில் போடாமலும் இருக்கக்கூடாது. நீங்கள் சொன்னது என்ன, எதைப் பார்த்துச் சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள் என்பதைத் தெளிவாக எழுதி வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். சொன்னது தப்பு என்று தெரிந்தால் அதே குரூப்பில் திருத்தம் போட்டுவிடுங்கள், இந்தக் குற்றம் சமரசம் செய்துகொள்ளக் கூடியதுதான்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். புதுச்சேரிக்காரர்கள் கடலூர் சாலையில் இருக்கும் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தருவார்கள். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.